நேற்று வந்த கணக்கு இன்று எங்கே போயிற்று?

இரவு பதினொரு மணி. கூடத்தில் விளக்கு எரிகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் அடுப்பங்கரையை ஒழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் பாலுடன் வருகிறீர்கள். "என்னடா, முடிந்ததா?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான். அந்தப் பார்வையை நான் விவரிக்க வேண்டியதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் எந்தத் தாய்க்கும் அது தெரியும்.

"அம்மா, இந்தக் கணக்கை ஜூலை மாசமே போட்டேன். நோட்டிலே டீச்சர் 'ரைட்' கூடப் போட்டிருக்காங்க. இப்போ எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை."

நீங்கள் என்ன செய்வீர்கள்? கோபம் வந்தால், "அந்தச் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் படித்திருந்தால் ஏன் மறக்கிறது?" என்று இரண்டு வார்த்தை சொல்வீர்கள். மனம் இளகினால் மறுநாள் காலையில் மார்க்கெட்டிலிருந்து வல்லாரைக் கீரை வந்து சேரும். இரண்டும் பலிக்காவிட்டால் அவன் அப்பாவிடம் போய், "இவனுக்கு ஞாபக சக்தியே இல்லை. வேறு டியூஷன்தான் பார்க்க வேண்டும்" என்பீர்கள்.

ஞாபக சக்தி இல்லையா? அதே பிள்ளையிடம் நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த சினிமாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்களேன்! யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் என்ன பாட்டு வந்தது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆகவே, ஞாபகத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் சற்று நிதானிப்போம்.

எனக்கும் இந்த நிதானம் தானாக வந்துவிடவில்லை. என் அக்காள் பெண்ணால் வந்தது. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். மற்றப் பாடங்களில் எல்லாம் எண்பதுக்குக் குறைவில்லை. வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அக்காள் எனக்குப் போன் செய்து, "நம் வம்சத்துக்கே கணக்கு வராதடி. எனக்கு வந்ததா, உனக்கு வந்ததா? பிளஸ் ஒன்னில் கணக்கில்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கோ என்ஜினீயராக வேண்டும் என்று ஆசை. பதினைந்து வயதில் ஒரு மார்க்குச் சீட்டைப் பார்த்து, ஒரு பெண்ணின் வழியை இப்படி ஒரே போன் பேச்சில் அடைத்துவிடுகிறோம் பாருங்கள்!

அந்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு பயிற்சியும் முழுவதும் போட்டிருந்தது. ஒரு பக்கத்தில் கூட்டுத் தொடர் வரிசைக் கணக்குகள் பத்து. பத்தும் சரி. நாலு பக்கம் தள்ளிப் பெருக்குத் தொடர் வரிசை. அதுவும் எல்லாம் சரி. இவ்வளவு நன்றாகப் போட்டிருக்கும் பெண்ணா முப்பத்தெட்டு வாங்கினாள் என்று எனக்கு ஆச்சரியமாய்ப் போயிற்று.

ஒரு துண்டுக் காகிதத்தில் நான் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண்மணி முதல் மாதம் 500 ரூபாய் சேமிக்கிறாள். அடுத்தடுத்த மாதங்களில் ஐம்பது ஐம்பது ரூபாய் கூட்டிக்கொண்டே போகிறாள். ஒரு வருஷ முடிவில் மொத்தம் எவ்வளவு சேர்த்திருப்பாள்? பெண் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சித்தி, இது எந்தப் பாடத்துக் கணக்கு?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

எப்படி என்கிறீர்களா? நோட்டில் அந்தக் கணக்குகளைப் போட்டபோது தலைப்பிலேயே 'கூட்டுத் தொடர் வரிசை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. முதல் கணக்கில் போட்ட சூத்திரத்தையே பத்தாவது கணக்கு வரையில் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். பரீட்சைத் தாளில் எந்தப் புண்ணியவானும் பாடத்தின் தலைப்பை எழுதி வைப்பதில்லை. கணக்குப் போட அவளுக்குத் தெரியும். எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பதுதான் தெரியாது. அதை அவள் ஒரு நாளும் பழகியதே இல்லை.

அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்தில் டக் ரோரர் என்றொரு மனோதத்துவப் பேராசிரியர் இருக்கிறார். இந்த ஒரு விஷயத்தையே பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறவர். அவரும் கெல்லி டெய்லர் என்பவரும் சேர்ந்து 2007-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாலு விதமான கன உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி ஒவ்வொரு உருவத்துக் கணக்கையும் தனித் தனியாக, நம் பிள்ளைகள் போடுவது போலவே, வரிசையாகப் போட்டது. இன்னொரு கோஷ்டிக்கு எல்லாக் கணக்குகளையும் சீட்டுக் கட்டைக் கலைப்பது போலக் கலைத்துக் கொடுத்தார்கள்.

பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்களுக்கு நூற்றுக்கு 89 சரியாக வந்தது. கலைத்துப் போட்டவர்களுக்கு 60-தான். அப்பொழுது பார்த்திருந்தால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? "முதல் கோஷ்டிதான் கெட்டிக்காரப் பிள்ளைகள்" என்றிருப்போம். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். வரிசையாகப் போட்டவர்கள் 20. கலைத்துப் போட்டவர்கள் 63!

கல்லூரி மாணவர்களை விடுங்கள், நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இது பொருந்துமா என்ற சந்தேகம் வருகிறதல்லவா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 54 வகுப்பறைகளில் ரோரரும் அவருடைய சகாக்களும் மாதக்கணக்காக நடத்திய சோதனை 2020-இல் வெளியாயிற்று. முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாதம் கழித்து வைத்த பரீட்சையில் கலைத்துப் பழகிய வகுப்புகளுக்கு 61, வரிசையாகப் பழகிய வகுப்புகளுக்கு 38. முப்பத்தெட்டு என்ற எண்ணைப் படித்ததும் எனக்கு அக்காள் பெண்ணின் ஞாபகம் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் வந்தது.

இதில் பள்ளிக்கூடத்தின் பங்கும் கொஞ்சம் உண்டு. ஜூன் மாதம் ஆரம்பித்து ஒரு பாடம் முடிந்ததும் ஒரு பரீட்சை, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்த பாடம் என்று ஓடுகிறார்கள். எப்பொழுது கேட்டாலும் ஆசிரியர் கவலை 'போர்ஷன்' முடிப்பதுதான். ஜூலையில் படித்த தொடர் வரிசையைப் பிள்ளை மறுபடி திரும்பிப் பார்ப்பது காலாண்டுக்கு முதல் நாள். அப்புறம் அரையாண்டுக்கு முதல் நாள். நடுவில் அது என்ன ஆகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை.

என்ன ஆகிறது என்பதை 1885-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். மனிதர் தம்மைத் தாமே சோதனைக்கு ஆளாக்கிக்கொண்டவர். அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, சில காலம் விட்டு, அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் ஒரு மாதம் கழித்துக்கூட ஐந்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் மளமளவென்று சரிந்து, பிறகு நின்று நிதானமாக மறப்பது மனித மனத்தின் இயல்பு. கணக்குப் பாடத்தில் அர்த்தம் இருப்பதால் சரிவு அவ்வளவு மோசமாய் இராது. அர்த்தம் தெரியாமல் சூத்திரத்தை மட்டும் நெட்டுருப் போட்ட பிள்ளைக்கு எபிங்ஹாஸின் கதிதான்.

ஒரே நாளில் பத்துக் கணக்குப் போடுவதா, அல்லது இன்று ஐந்து, ஒரு வாரம் கழித்து ஐந்து என்று போடுவதா? இதையும் அதே ரோரரும் டெய்லரும் 2006-இல் சோதித்திருக்கிறார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரே மூச்சில் போட்டவர்களுக்கு 32, பிரித்துப் போட்டவர்களுக்கு 64. போட்ட கணக்கு இரு சாராருக்கும் அதே பத்துதான். செலவில்லாமல் இரட்டிப்பு லாபம் தரும் சீட்டுக் கம்பெனி உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். மார்கழி மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோலத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மனத்தில் படிந்துவிடுமா? பார்க்கும்போது, 'ஆகா, இது சுலபம், தெரிந்துவிட்டது' என்றுதான் தோன்றும். விடியற்காலையில் வாசல் தெளித்து, புள்ளியும் வைத்த பிறகு, மூன்றாவது வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று கை நின்றுவிடும். உள்ளே ஓடிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். புத்தகம் இல்லாமல் தப்பும் தவறுமாக நாலு நாள் போட்ட பிறகுதான் அந்தக் கோலம் உங்களுடையதாகிறது. அப்புறம் பேசிக்கொண்டே போடலாம்.

நம் பிள்ளைகள் கணக்குக்கு என்ன செய்கிறார்கள்? கைடைத் திறந்து போட்டிருக்கும் விடையை வரி வரியாகப் படிக்கிறார்கள். போதாதற்கு இப்பொழுது செல்போனில் வீடியோ வேறு. அதில் ஒரு சார் அழகாகக் கணக்குப் போடுகிறார். பிள்ளை தலையாட்டிக்கொண்டே பார்க்கிறான். 'புரிகிறது, புரிகிறது' என்கிறான். புரிவதும் உண்மைதான். ஆனால் கோலப் புத்தகத்தைப் பார்ப்பது வேறு, வாசலில் குனிந்து புள்ளி வைப்பது வேறு. படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு மனத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு அறிஞர்கள் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவன் ஜெயிக்கிறான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தோற்கிறான். பரீட்சைக்கு முதல் நாள் படிப்பு ஏன் பளபளவென்று தோன்றி ஏமாற்றுகிறது என்று புரிகிறதல்லவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று கணக்கை வாய்விட்டு ஒப்பிக்கச் செய்தார்கள். சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றப் பிள்ளைகள் கூடவே சொல்ல வேண்டும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று பின்னங்கள் நாக்கில் விளையாடின. அந்தப் பிரம்படியும் கொடுமையும் நமக்கு வேண்டாம். ஆனால் சுவடியைப் பார்க்காமல் நாள் தவறாமல் சொல்ல வைத்தார்களே, அதில் ஏதோ சூட்சுமம் இருந்திருக்கிறது.

பின்னம் என்றதும் ஞாபகம் வருகிறது. அக்காள் பெண் முக்கோணவியல் வரவில்லை என்று அழுதாள். அவள் விடைத்தாளைக் கூர்ந்து பார்த்தால், ஏற்றக் கோணம், இறக்கக் கோணம் எல்லாம் சரியாகத்தான் படம் வரைந்திருந்தாள். கடைசியில் இரண்டு பின்னங்களைக் கூட்டும் இடத்தில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள்! அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஐந்தில் இரண்டாம். அரைப் பங்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறைந்து போகுமா? பால்காரர் இப்படிக் கணக்குச் சொன்னால் நாம் விடுவோமா? இந்தப் பிசகு ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே வந்திருக்கிறது. கணக்குப் பாடத்துக்குள்ள சங்கடம் இதுதான். சரித்திரத்தில் அசோகரைக் கோட்டை விட்டவன் அக்பரைப் படித்துத் தேறிவிடலாம். கணக்கில் கீழ்ப் படி ஆடினால் மேல் படியும் ஆடும். ஆகவே உங்கள் பிள்ளை எந்த இடத்தில் தப்பினான் என்று விடைத்தாளைப் பாருங்கள். மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். வெட்கப்படாமல் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு வாரம் புரட்டச் சொல்லலாம். ஏற்கெனவே புரியாமலே போன பாடத்துக்கு நான் மேலே சொன்ன எந்த வித்தையும் பலிக்காது.

சூத்திரங்களுக்கு அர்த்தம் காட்டுவதற்கு நம் சமையலறையே போதும். அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாயகலம், அதே உயரத்தில் தடித்த காகிதத்தால் ஒரு கூம்பு சுருட்டிக்கொண்டு, அதில் அரிசியை நிரப்பி நிரப்பி டப்பாவில் கொட்டச் சொல்லுங்கள். மூன்று தடவையில் டப்பா நிறைந்துவிடும். கூம்பின் கன அளவில் அந்த 'மூன்றில் ஒன்று' எங்கிருந்து வந்தது என்று கையாலேயே தெரிந்துகொண்ட பெண் அதை மறப்பாளா? அதே போல வாசலில் ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தைப் பாதி வரைக்கும் வையுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. எண்ணிப் பாருங்கள், பதினாறு. நாலு வரிசை, நாலு தரம் நாலு. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் எத்தனை எண்களோ அதன் வர்க்கம் வரும் என்று பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருவது இதைத்தான். நம் பாட்டிமார் காலங்காலமாக அதன் மேல் அரிசி மாவு தூவி வந்திருக்கிறார்கள்.

இனி, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. என் மேல் கோபிக்கக் கூடாது. கணக்கைக் கண்டு தாமே அஞ்சும் பெற்றோர்கள், அடிக்கடி உட்கார்ந்து குழந்தைக்கு வீட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்தக் குழந்தை அந்த வருஷம் கற்பது குறைந்து போகிறது, அதற்கும் கணக்கின் மேல் பயம் அதிகமாகிறது என்று அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் கண்டிருக்கிறார்கள். 2015-இல் வெளியான ஆராய்ச்சி இது. பயந்த பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் இந்தக் கெடுதல் தென்படவில்லை. பயம் வெறும் மனக் கஷ்டத்தோடு நிற்பதுமில்லை. கணக்குப் போடும்போது எண்களை மனத்தில் தாங்கிப் பிடித்திருக்கும் இடத்தையே அது அடைத்துக்கொள்கிறது என்று மார்க் ஆஷ்கிராப்ட், எலிசபெத் கிர்க் என்ற இருவர் 2001-இல் எழுதியிருக்கிறார்கள். தெரிந்த கணக்கும் பரீட்சை மண்டபத்தில் ஓடி ஒளிவது இதனால்தான். "எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் வராது" என்று குழந்தை காது கேட்க நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அது சீதனம் கொடுப்பது மாதிரி பயத்தைக் கொடுப்பதாகும். அதுவும் பெண் குழந்தைகளிடம் இதை எவ்வளவு தாராளமாகச் சொல்கிறோம்!

நள்ளிரவுக் காபியையும் நிறுத்திவிடுங்கள். தூக்கத்தில்தான் படித்தது படிகிறது. படித்துவிட்டுத் தூங்கினவர்கள், படித்துவிட்டு விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்று 1924-ஆம் ஆண்டிலேயே சோதித்துச் சொல்லியாயிற்று.

அக்காள் வீட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பிரமாதமாக ஒன்றுமில்லை. பழைய காபிப் பொடி டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்தோம். பெண்ணே உட்கார்ந்து, எட்டுப் பாடங்களிலிருந்தும் பழைய கேள்வித் தாள்களிலிருந்தும் கணக்குகளைச் சிறு சிறு சீட்டுகளாக எழுதினாள். கணக்கு முன்பக்கம், பாடத்தின் பெயர் பின்பக்கம். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். அக்காள் சாயங்காலம் காய் நறுக்கும்போது நாலு சீட்டு எடுக்க வேண்டியது. அக்காளுக்குத்தான் கணக்குத் தெரியாதே என்கிறீர்களா? தெரிய வேண்டியதில்லை. "இதிலே என்ன கேட்டிருக்கான்? என்ன கொடுத்திருக்கான்? எப்படி ஆரம்பிப்பே?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பெண் வாயால் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். சரியாய் வந்த சீட்டு ஒரு வாரம் அலமாரியில் ஓய்வெடுக்கும். தப்பிப் போன சீட்டு மறுநாளே டப்பாவுக்குள் வந்துவிடும்.

முதல் வாரம் ரகளைதான். நாலில் மூன்று தப்பு. "முன்னாலேயாவது நோட்டிலே எல்லாம் சரியா வந்துது. சித்தி வந்து அதையும் கெடுத்துட்டா" என்று பெண் அழுததாக அக்காள் போன் செய்தாள். கலைத்துப் போட்டவர்களுக்கும் முதலில் அறுபதுதானே வந்தது, கொஞ்சம் பொறு என்றேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான். பிப்ரவரி நடுவில் அழுகை நின்றது. "இது பார்த்தா கூட்டுத் தொடர் மாதிரி இருக்கும்மா, ஆனா சதவிகிதம்னு சொல்றதாலே பெருக்கு" என்று அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

பொதுத் தேர்வில் எழுபத்திரண்டு வாங்கினாள். நூறு இல்லை, நாளிதழில் படம் வரவில்லை. கணக்குள்ள குரூப்பிலேயே சேர்ந்தாள்.

டப்பாவை அக்காள் தூக்கிப் போடவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், ஊரெல்லாம் உறங்கும் வேளையில், எனக்குப் போன் வந்தது. ஏதோ விபரீதம் என்று பதறிக்கொண்டு எடுத்தேன். அக்காள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஏண்டி, அந்த ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு ஒண்ணு எழுதிக் கொடுத்தியே, மாசம் அம்பது அம்பதா கூட்டிக்கிட்டுப் போவாளே... சும்மா உட்கார்ந்திருந்தேன், போட்டுப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து முந்நூறுதானே?"